கோவைக் காற்றில் ஒரு ஜேட் கொடி: வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ஜேட் கொடியின் விதை என்று யார் எந்தப் படத்தைப் போட்டு விற்றாலும் வாங்காதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். என் பணமும் காலமும் கரையத் தொடங்கியது அங்கேதான். நீலமும் பச்சையும் கலந்து, வேறு எந்தப் பூவிலும் நான் பார்த்திராத ஒரு நிறத்தில், கிளி மூக்கு போல வளைந்த பூக்கள் கொத்துக் கொத்தாகப் பந்தலிலிருந்து தொங்கும் படத்தைப் பார்த்தால் செடி வளர்க்கும் யாருக்கும் கை பரபரக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது. கோயம்புத்தூரில் வடவள்ளிப் பக்கம் எங்கள் வீடு. சுற்றிலும் கொஞ்சம் மண் இருக்கிறது. மல்லி, முல்லை, செம்பருத்தி, பவளமல்லி எல்லாம் வைத்து வளர்த்துப் பழகியவள் நான். 2014இல் அந்தப் படத்தைப் பார்த்த அன்றே விதைக்குப் பணம் கட்டினேன்.

விதைகள் வந்தன. சிறிய, கறுப்பான, பளபளப்பான விதைகள். முளைக்கவும் செய்தன. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கொடி வேலியில் ஏறியது, சில மாதங்களில் பூத்தது. சங்குப்பூ. எங்கள் தெருக்கோடி வேலியில் யாரும் வைக்காமலேயே படர்ந்து கிடக்கும் அதே நீலச் சங்குப்பூ. சங்குப்பூ மேல் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் அன்றைக்கு அதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. வேறொருவரிடம் வாங்கிய விதை முளைக்கவே இல்லை. விதைப் பொட்டலங்களுக்கு மட்டும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போனது.

இந்தச் செடியின் பிறப்பிடத்தைப் பற்றி முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த இரண்டாயிரம் என்னிடம் இருந்திருக்கும். ஜேட் கொடி பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு உரியது. லூசோன், மிண்டோரோ, கட்டாண்டுவானெஸ் ஆகிய தீவுகளின் மழைக்காடுகளில், ஓடைக்கரை மரங்களில் ஏறி வளரும். ஸ்ட்ராங்கைலோடான் மேக்ரோபோட்ரிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். 1854இல் ஏசா கிரே என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் இதைப் பதிவு செய்தார். அங்கே இதற்கு மகரந்தச் சேர்க்கை செய்பவை வௌவால்கள். கொத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தேன் குடிக்கும்போது அவற்றின் தலையில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. நம் ஊர்த் தோட்டங்களில் கொடி பூத்தாலும் தானாகக் காய் பிடிப்பது அபூர்வம். கையால் மகரந்தம் தடவிக் காய்க்க வைத்தாலும், காய்க்குள் இருக்கும் விதை பெரியது, சதைப்பற்றானது, சீக்கிரமே முளைப்புத் திறனை இழப்பது. மாதக்கணக்கில் பொட்டலத்தில் காய்ந்து கிடந்து, தபாலில் வந்து, நம் வீட்டில் முளைக்கும் விதை இல்லை இது. இருநூறு ரூபாய்க்குப் பத்து விதை என்றால் அது வேறு எதன் விதையோதான்.

விதை வேண்டாம், செடியாகவே வாங்கிவிடலாம் என்று அடுத்ததாகக் கூரியரில் ஒரு செடி வரவழைத்தேன். ஆயிரத்து இருநூறு ரூபாய். அது வளர்ந்த வேகத்தைப் பார்த்து மலைத்துப்போனேன். ஒரே வருடத்தில் மதில் முழுக்கப் பரவி, மொட்டு வைத்து, விரிந்தது. வெளிர் நீலத்தில் அகலமான பூ. பெரிய பூ தன்பெர்ஜியா என்று தோட்டக்காரர்கள் சொல்லும் கொடி அது. தெரிந்த உடனே பிடுங்கிவிட நினைத்தேன். முடியவில்லை. அது மண்ணுக்குள் கிழங்கு வைத்துவிட்டது. வெட்ட வெட்டத் துளிர்த்தது. ஆள் வைத்துத் தோண்டி எடுக்க மேலும் செலவு. எல்லாவற்றையும் விட அந்தக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்த காலம்தான் மனதை அறுத்தது.

இதில் ஒரு சுலபமான அடையாளம் இருக்கிறது. ஜேட் கொடி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவரை, பயறு, முருக்க மரம் இவற்றைப் போலவே ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் சேர்ந்து இருக்கும். புதிய துளிர் இளஞ்சிவப்பும் வெண்கல நிறமுமாகத் தொய்ந்து தொங்கி, பிறகுதான் பச்சையாகி நிமிரும். இலை தனித்தனியாக, அகலமாக, ஓரத்தில் பல் வைத்தாற்போல இருந்தால் அது ஜேட் கொடி அல்ல. விற்பவர் பூவின் படத்தை அனுப்பினால் போதாது. உங்களுக்கு வரப்போகும் அதே செடியின் இலையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று சிற்றிலை இருந்தாலும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கும். நியூ கினியைச் சேர்ந்த சிவப்பு ஜேட் கொடி என்று ஒன்று உண்டு. அது பூனைக்காலி இனம், அதற்கும் மூன்று சிற்றிலைதான். அதனால்தான் பூத்த தாய்க்கொடியைக் கண்ணால் பார்த்து வாங்குவதற்கு இணையாக எதுவும் இல்லை என்று சொல்கிறேன்.

அடுத்து வந்தது உண்மையான ஜேட் கொடிதான். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஆனால் அது வந்தது சித்திரை மாதத்தில். பெட்டிக்குள் வெந்து, மண்கட்டி உடைந்து, வேர் தனியாகத் தெரிய வந்து சேர்ந்தது. நிழலில் வைத்தேன், பாலித்தீன் பை கவிழ்த்தேன், இரவில் எழுந்து போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு இலையாக உதிர்ந்து, கடைசியில் தண்டைக் கீறிப் பார்த்தபோது உள்ளே பழுப்பாக இருந்தது. அன்றைக்குப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன். ஒரு செடிக்கு யாராவது அழுவார்களா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. யாரைக் கேட்பது என்றே தெரியாத தனிமைதான் அந்த அழுகையில் பாதி. விசாரித்த இடத்தில் எல்லாம், "அது நம் ஊருக்கு வராதுங்க" என்ற ஒரே பதில். எதனால் வராது, என்ன செய்தால் வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்தச் செடிக்கு வேரைக் கலைப்பது பிடிக்காது என்பதைக்கூட நான் செடி செத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். கூரியரில்தான் வாங்கியாக வேண்டும் என்றால் மழைக்காலத்தில் மட்டும் வாங்குங்கள். பையைப் பிரித்ததும் மண்கட்டி உடைந்திருந்தால் அப்போதே படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பிவிடுங்கள். உடனே நிலத்தில் நடாமல், சற்றே பெரிய பைக்கு மண்கட்டியோடு அப்படியே மாற்றி, காற்றில்லாத நிழலில் புதுத் துளிர் வரும்வரை விட்டுவையுங்கள்.

2017 மாசியில் ஓர் உறவினர் திருமணத்துக்குப் பாலக்காடு போயிருந்தோம். மண்டபத்துக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டின் கார் நிறுத்தும் இடத்தின் மேல் அந்தக் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. பட்டுப்புடவையோடு அப்படியே அந்த வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டேன். வயதான அம்மா ஒருவர் வந்து, "என்ன மோளே?" என்று கேட்டார். பூவைக் காட்டினேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தெரிந்ததையெல்லாம் பாலக்காட்டுத் தமிழில் சொன்னார். "அதற்கு வேர் குளிர்ந்திருக்க வேண்டும், தலையில் வெயில் விழ வேண்டும். ஆசைப்பட்டு அடிக்கடி தொடாதே. மழை தொடங்கிய பிறகு வா, பதியன் போட்டு வைக்கிறேன்" என்றார். போட்டும் வைத்திருந்தார். ஆனி மாதம் போனபோது பைநிறைய வேர் விட்ட கன்று ஒன்றைக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். இத்தனை வருடம் பணம் கொடுத்துக் கிடைக்காதது ஒரு வாசலில் நின்று கேட்டதில் கிடைத்தது.

பாலக்காட்டுக்கும் கோவைக்கும் ஒரு மணி நேரப் பயணம்தான். செடிக்கு அது வேறு உலகம். அங்கே பெய்யும் மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கோவைக்குக் கிடைக்கிறது. கன்றை நட்ட சில மாதங்களில் புதிதாக வந்த இலைகள் வெளுக்கத் தொடங்கின. நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், நடுவெல்லாம் மஞ்சள். கேட்டவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். யூரியா போடச் சொன்னார் ஒருவர். போட்டதும் இலை நுனி கருகியது. மக்னீசியம் உள்ள எப்சம் உப்பு என்றார் இன்னொருவர். அதனால் கெடுதலும் இல்லை, பயனும் இல்லை. பழைய இலையில் மஞ்சள் தொடங்கினால்தான் மக்னீசியம், தழைச்சத்து பற்றி யோசிக்க வேண்டும். துளிரில் தொடங்கினால் பெரும்பாலும் இரும்புச்சத்துப் பிரச்சினை. இந்த வித்தியாசம் தெரியாமல் உரக்கடையில் கொடுத்ததையெல்லாம் வாங்கிக் கொட்டினால் பணம் போவதோடு வேரும் வெந்துபோகும்.

கடைசியில் இங்கேயே இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மண்ணைக் கொடுத்துப் பரிசோதித்தேன். அந்தத் தாள் கைக்கு வந்ததும்தான் மூச்சு வந்தது. மண்ணின் கார அமில நிலை (pH) 8.3. சுண்ணாம்பு அதிகம். மண்ணில் இரும்பு இருக்கிறது, ஆனால் அந்தக் காரத்தில் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. இதற்கு மேல் நான் ஊற்றியதெல்லாம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் அதே உப்புத் தண்ணீர். மழைக்காட்டு ஓடைக்கரையில் பிறந்த செடிக்கு தினமும் சுண்ணாம்பு கரைத்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று தெரிந்தபோது அந்தச் செடியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது.

சுண்ணாம்பு மண்ணின் காரத்தைக் கந்தகமும் எலுமிச்சைச் சாறும் போட்டு மாற்றப் பார்ப்பது வீண் வேலை. சில மாதங்களில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். மண்ணையே மாற்றுவதுதான் வழி. கொடியின் வேர்க்கட்டிக்கு வெளியே சுற்றிலும் மூன்றடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, செம்மண், இலைமக்கு, மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு கலந்து நிரப்பினோம். நார்க்கழிவைப் பலமுறை நல்ல தண்ணீரில் அலசி உப்பை வெளியேற்றிய பிறகே கலக்க வேண்டும். கடையில் வாங்கும் கட்டிகளில் உப்பு நிறைய இருக்கும். தரைமட்டத்தை விட ஓரடி உயர்த்தி மேடாக வைத்ததால் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கவில்லை. நீங்கள் புதிதாக நடுவதாக இருந்தால் இந்தக் குழியை முதலிலேயே எடுத்துவிடுங்கள். பிறகு வேருக்குப் பக்கத்தில் கடப்பாறை போடும் பயம் இருக்காது. கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று வைத்தேன். குழாயோடு சேர்த்து எட்டாயிரம் ரூபாய் ஆனது. மழைத் தண்ணீர் தீர்ந்தால் சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் குடத்தில் பிடித்து வைத்து ஊற்றுவேன். கடைசிவரை வேறு தண்ணீர் இல்லாவிட்டால்தான் ஆழ்துளைத் தண்ணீர்.

இரும்புச்சத்து வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உரக்கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் ஈடிடிஏ (EDTA) வகை இரும்பு, காரம் மிகுந்த மண்ணில் போட்டால் நிலைக்காது. அதை இலைமேல் தெளிக்கலாம். மண்ணில் ஊற்றுவதற்கு ஈடிடிஎச்ஏ (EDDHA) என்று எழுதியிருக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். விலை அதிகம், ஆனால் கொஞ்சம் போதும். ஊற்றிய பிறகு வந்த துளிர் பச்சையாக விரிந்ததைப் பார்த்த மகிழ்ச்சியைப் பூவைப் பார்த்த மகிழ்ச்சிக்கு அடுத்ததாகத்தான் வைப்பேன்.

மண் சரியானதும் கொடி எழுந்தது. அடுத்து ஆடிக்காற்று வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீசும் காற்றைக் கோவைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாழைத்தோட்டக்காரர்களைக் கேட்டால் தெரியும். எங்கள் கொடி இருந்தது வீட்டுக்கு மேற்கே. தொய்ந்து தொங்கும் அந்த மென்மையான துளிர்கள் ஒரே வாரத்தில் கிழிந்து சுருண்டன. தலைக்கொழுந்து முறிந்தது. அந்த வருடத்து வளர்ச்சி முழுவதும் போயிற்று. வேரைக் கலைக்க முடியாது என்பதால் கொடியை இடம் மாற்றவும் வழியில்லை. மேற்குப் பக்கம் இரும்புக் குழாய் நட்டு, பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலையைக் கட்டி, வருடாவருடம் வைகாசி முடிவதற்குள் இழுத்துக் கட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். கொங்குப் பகுதியில் யார் இதை வைப்பதாக இருந்தாலும் வீட்டுக்குக் கிழக்கே வையுங்கள். காலை வெயில் கிடைக்கும், சுவர் காற்றைத் தடுக்கும், மாலை வெயிலின் கடுமையும் குறையும்.

பந்தல் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய பணம் போனது அதில்தான். முதலில் சவுக்குக் கட்டையில் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்பதாயிரம் ரூபாய். இரண்டாவது வருடம் கரையான் அரித்து ஒரு கால் சாய்ந்தது. ஜேட் கொடி காட்டில் அறுபது அடிவரை ஏறக்கூடியது. முற்றிய கொடி நனைந்தால் அதன் பாரம் சாதாரணமானதல்ல. 2019இல் துருப்பிடிக்காத பூச்சுக் குழாயில், கால்களுக்குக் கான்கிரீட் போட்டு, ஒன்பதடி உயரத்தில் பந்தல் அமைத்தோம். நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். என் கணவர் அந்தத் தொகையைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அந்த மௌனம் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்க விடவில்லை. ஆனாலும் சொல்கிறேன், உயரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கொத்துகள் கீழ்நோக்கித்தான் இறங்கும், ஒரு கொத்தே மூன்றடிக்குப் போகக்கூடும். ஏழடிப் பந்தல் என்றால் பூ தலையில் இடிக்கும், வருகிறவர் போகிறவர் கை பட்டு உதிரும்.

அந்த வருடம் மார்கழியில் நாங்கள் ஊரில் இல்லாதபோது தோட்ட வேலைக்கு வருபவர் கொடியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று பந்தலுக்கு மேல் இருந்ததையெல்லாம் வழித்துவிட்டார். மல்லிகைக்குக் கவாத்து செய்தால் பூக்கும், அந்த நினைப்பில் செய்தது. திரும்பி வந்து குவியலைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை இப்போதும் நினைத்துப் பார்க்க விருப்பமில்லை. அவரிடம் கத்திவிட்டேன். பிறகு மனம் கேட்காமல் அடுத்த வாரம் கூப்பிட்டுப் பேசினேன். ஜேட் கொடி பூப்பது முற்றிய கொடியில். எங்கள் வீட்டில் இதுவரை வந்த கொத்துகள் எல்லாம் கட்டைவிரல் பருமனுக்கு வந்த பழைய கொடிகளிலிருந்தே இறங்கின, ஒன்றுகூட அந்த வருடத்து இளங்கொடியில் இல்லை. பூவுக்கு முந்திய மாதங்களில் பழைய கொடியை வெட்டினால் அந்த வருடப் பூவை வெட்டிவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வெட்டியே ஆக வேண்டும் என்றால் பூ முடிந்த உடனே, காய்ந்ததையும் நெருக்கியடிப்பதையும் மட்டும் எடுங்கள். வேலைக்கு வருபவரிடம் வாயால் சொல்வதோடு நிற்காமல் கொடியில் ஒரு சிவப்புத் துணியும் கட்டிவிடுங்கள்.

காத்திருந்த அந்த வருடங்களில் பூக்க வைப்பதாகச் சொல்லும் டானிக்குகளுக்கு நான் செலவழித்தது ஐயாயிரம் ரூபாய்க்குக் குறையாது. பாட்டிலில் பூவின் படம் இருக்கும், பயன்படுத்தும் அளவு இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் இருக்காது. எதுவும் பூக்க வைக்கவில்லை. வயதுக்கு வராத கொடியை எந்த மருந்தும் பூக்க வைக்காது என்பதை அந்தப் பாட்டில்களை அடுக்கி வைத்துப் பார்த்த அன்றுதான் முழுதாக நம்பினேன். நல்ல மண்ணும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் பதியன் கன்று இரண்டு மூன்று வருடத்தில் பூக்கலாம். கோவை போன்ற இடத்தில் நான்கு ஐந்து வருடம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். காகிதப்பூவைப் போலத் தண்ணீரை நிறுத்திக் காயப்போட்டால் பூக்கும் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். காகிதப்பூ வறட்சிக்குப் பழகியது, அதற்கு அது சரி. ஜேட் கொடியைக் காயப்போட்டால் இலையைக் கொட்டும், பிறகு கொடியே நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வரும். நான் ஒரு வாரம் காயவிட்டதிலேயே துளிர்கள் கருகின. படிகாரம் போட்டால் நிறம் தூக்கலாக வரும் என்றும் கேள்விப்பட்டேன். அது ஹைட்ராஞ்சியா என்ற பூச்செடிக்குப் பொருந்துகிற பேச்சு. ஜேட் கொடியின் நிறம், மால்வின், சப்போனரின் என்ற இரண்டு நிறப்பொருள்கள் பூவிதழின் மேல்தோல் செல்களுக்குள் இலேசான காரநிலையில் சேர்வதால் வருவது. செடி அதைத் தானே செய்துகொள்ளும். மண்ணில் நாம் எதைக் கொட்டினாலும் அந்த நிறம் மாறப்போவதில்லை.

டானிக்கை நிறுத்திவிட்டு நான் கொடுத்தது இவ்வளவுதான்: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மண்புழு உரம், ஆவணி முதல் தழைச்சத்தைக் குறைத்து எலும்புத்தூளும் கொஞ்சம் சாம்பல்சத்தும், வேரைச் சுற்றி வருடம் முழுக்கக் கனமான மூடாக்கு. தென்னை ஓலையை நறுக்கிப் போடுகிறேன். மண்ணைத் தொட்டால் கோடையிலும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மாவுப்பூச்சி வரும், அதைத் தூக்கிக்கொண்டு எறும்பு முன்னால் வரும். எறும்பு வரிசையாகக் கொடியில் ஏறினால் அன்றைக்கே துளிர்களைத் திருப்பிப் பாருங்கள். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் அடங்கும். மொட்டு வந்த பிறகு தெளிக்காதீர்கள்.

2021 மாசியில் பந்தலுக்கடியில் கருஞ்சிவப்பாகக் கயிறு போல ஒன்று இறங்கியிருந்தது. பழைய கொடியில் ஏதோ காய்ந்து தொங்குகிறது என்று நினைத்து ஒடிக்கக் கையை நீட்டியவர் என் மாமியார். சரியான நேரத்தில் பார்த்துவிட்டேன். அதுதான் கொத்தின் காம்பு. அதில் கடுகளவு மொட்டுகள் இருந்தன. புதிதாக வளர்ப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது பூவாகப் போகிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. ஆனால் அந்த முதல் கொத்து விரியவில்லை. பங்குனி வெயில் ஏறிய நேரத்தில் மோட்டார் பழுதாகி, தொட்டியும் வற்றி, சில நாள் தண்ணீர் சரியாகப் போகவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் தரையெங்கும் மொட்டு. ஏழு வருடம் காத்திருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எழுதத் தெரியவில்லை. கொத்து காம்பு விட்டதிலிருந்து விரியும்வரை வாரக்கணக்கில் ஆகிறது. அந்த வாரங்களில் ஒரு நாள்கூட வேர் காயக் கூடாது. அந்த வருடமே சொட்டுநீர்க் குழாய் போட்டு மழைநீர்த் தொட்டியோடு இணைத்தேன். இன்னொரு தொட்டியும் வாங்கினேன்.

2022 மாசிக் கடைசியில் விரிந்தது. பல கொத்துகள், நீளமானது இரண்டடிக்கு மேல். படத்தில் பார்த்த நிறம் பொய் இல்லை. மாலை மங்கும் நேரத்தில் அந்த நிறம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மாமியார் கையால் தொட்டுப் பார்த்து, "பிளாஸ்டிக் மாதிரியே இருக்கிறதே, சாமிக்கு வைக்கலாமா?" என்று கேட்டார். வைத்தோம். உதிர்ந்த பூக்கள் தரையில் வாடும்போது ஊதாவாக மாறுகின்றன. கணவர் தினமும் காலையில் காபியை எடுத்துக்கொண்டு பந்தலுக்கடியில் போய் உட்கார்ந்தார். நாற்பத்திரண்டாயிரத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை, நானும் பேசவில்லை. பாலக்காட்டு அம்மாவுக்குத் தொலைபேசியில் படம் அனுப்பினேன். "இனி அது உன் வீட்டுப் பெண்" என்று பதில் வந்தது.

போலி விதை, போலிச் செடி, செத்த செடி, சவுக்குப் பந்தல், டானிக் என்று வீணாகப் போனது மட்டும் கூட்டிப் பார்த்தால் இருபதாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. பந்தலும் தொட்டியும் மண்ணும் எப்படியும் செய்தாக வேண்டிய செலவுகள், அவற்றில் எனக்கு வருத்தமில்லை. ஆனி, ஆடியில் மழைச்சாரல் இருக்கும்போது பென்சில் பருமனுள்ள முற்றிய கொடியில் ஒரு கணுவுக்குக் கீழே பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான நார்க்கழிவு வைத்துப் பாலித்தீனால் கட்டிப் பதியன் போடுகிறேன். வேர் வெளியே தெரிந்த பிறகும் அவசரப்படாமல் சில வாரம் விட்டுத்தான் வெட்டுகிறேன். கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேட்கிறேன்: வீட்டில் எந்தத் தண்ணீர், பந்தல் எந்தத் திசையில். மொட்டை மாடியில் தொட்டியில் வைக்கப் போகிறேன் என்பவர்களுக்குக் கன்று கொடுப்பதில்லை. அங்கே வேர் வெந்துவிடும். அவர்களுக்கு நான் சொல்வது மைசூர் தன்பெர்ஜியா. மஞ்சளும் செம்பழுப்புமாகக் கொத்து தொங்கும், நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய கொடி, தேன்சிட்டுகள் தேடி வரும். பெரிய தொட்டியில், பாதி நிழலில், சாதாரணப் பராமரிப்பிலேயே ஜேட் கொடியை விடப் பல மடங்கு சீக்கிரம் பூத்துவிடும்.